லட்சத்து இருபதாயிரம் என்னும் கோடு

கம்பைநல்லூரிலிருந்து தருமபுரி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால், கூலித் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தைப் பதிவு செய்யும் மையம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்பு கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். அவர் வேறு பணிக்குப் போயிருந்தால் மறுநாளும் நடக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது, என்றோ வரப்போகிற நோயை நினைத்து யார் இரண்டு நாள் கூலியை விடுவார்கள்? அதனால்தான் இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு, நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நாளும் காப்பீட்டு அட்டையைத் தேடும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

கம்பைநல்லூர் ஒரு பேரூராட்சி. மொரப்பூர் ரயில் நிலையம் கிட்டத்தில். அரூர், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் பேருந்து தூரம். மழை ஏமாற்றினால் வேலை செய்யக்கூடிய கைகள் ஓசூர், பெங்களூர், திருப்பூர் என்று கிளம்பிவிடுகிற பூமி இது. வீட்டில் மிஞ்சுபவர்கள் வயதானவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். நள்ளிரவில் ஒரு மூதாட்டிக்கு நெஞ்சு வலித்தால் 108 வண்டியில் உடன் ஏறுபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர். ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

பிறகு ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நடக்கும் பேச்சு, அங்கே ஒருமுறை நின்றவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

“காப்பீட்டுக் கார்டு இருக்குங்களா?”

“இருக்குதுங்க மேடம். ஊர்ல பீரோவுல இருக்குது.”

“நம்பர் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அம்மா பேரு எந்த ரேஷன் கார்டுல இருக்கு?”

“தம்பி வூட்டுக் கார்டுலங்க. அவன் பெங்களூர்ல இருக்கான்.”

“அப்ப அதைக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்டிடுங்க அண்ணா.”

அந்த அட்வான்ஸ்தான் கடனின் முதல் கண்ணி. தாலிக்கொடியிலிருந்து ஒரு குண்டு அடகுக்குப் போகிறது. அல்லது மகளிர் குழுவில் யாராவது தன் பெயரில் எடுத்துக் கொடுக்கிறார். இரண்டுக்கும் வழியில்லாதவர் வாரவட்டிக்காரரிடம் போகிறார். மறுநாள் தம்பி வந்து கார்டைக் கொடுத்து, காப்பீட்டு ஒப்புதலும் கிடைத்துவிடலாம். “அது ஒப்புதலுக்கு முந்தி செஞ்ச டெஸ்டுக்கு” என்ற ஒரு வார்த்தையில் முதல் நாள் கட்டிய பணம் காணாமல் போகிறது. அட்டை இருந்தும், அரசு பிரீமியம் கட்டியிருந்தும், அந்தக் குடும்பம் கடனாளியாகித்தான் வீடு திரும்புகிறது.

அந்த மேசையில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அதை ஒரு வருடத்துக்கு முன்பே, வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொல்லியிருக்கலாம். காப்பீட்டில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் பெயர் உள்ள கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோர். அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போய் கார்டைப் பிரித்துக்கொள்ளும்போது அம்மாவின் பெயர் ஒரு கார்டிலும் அப்பாவின் பெயர் இன்னொன்றிலுமாகப் போகிறது. சில நேரம் எதிலும் இல்லாமலும் போய்விடுகிறது. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து நீக்கப்படாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அரிசி வாங்குவதற்கு இதெல்லாம் பெரிய தடையாகத் தெரிவதில்லை. அறுவை சிகிச்சைக்குத் தடையாக நிற்கும்போதுதான் தெரிகிறது.

இந்தத் திட்டம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2007இல் ஆந்திரம் மூன்று பின்தங்கிய மாவட்டங்களில் ஆரோக்கியஸ்ரீயைத் தொடங்கியது. 2009 ஜூலை 23இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழியாக நடக்கத் தொடங்கியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட பிறகு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றானது. ஊரில் இன்னமும் சிலர் ‘கலைஞர் கார்டு’ என்கிறார்கள், சிலர் ‘அம்மா கார்டு’ என்கிறார்கள். ஆட்சிகள் மாறியும் இந்த ஏற்பாடு கைவிடப்படவில்லை என்பது தமிழ்நாட்டு அரசியலில் நிமிர்ந்து சொல்லக்கூடிய செய்திகளில் ஒன்று.

இதில் கிடைப்பவை சாதாரணமானவை அல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் பட்டியலில் உள்ளன. இதய அறுவை, புற்றுநோய் சிகிச்சை, டயாலிசிஸ், எலும்பு முறிவு எல்லாம் இதில் அடங்கும். கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, காது கேளாத குழந்தைக்குச் செவிக்குள் கருவி பொருத்துவது போன்ற பெரிய சிகிச்சைகளுக்குத் தனியாகத் தொகுப்பு நிதி இருக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் அட்டை செல்லும். அங்கே சிகிச்சை எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தச் சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகை அரசு மருத்துவமனைக்கு வருமானமாகச் சேர்கிறது. அதில்தான் கருவிகளும் வசதிகளும் கூடுகின்றன. ஆகவே ஜி.எச்.சில் சேர்ந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். நீங்கள் காட்டும் அட்டை அடுத்த நோயாளிக்கும் உதவும்.

தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் திட்டத்தில் இல்லை. திட்டத்தில் உள்ள மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி இருப்பதில்லை. கண்ணுக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டால் எந்த மருத்துவமனையில் எதற்கு அனுமதி என்று சொல்வார்கள். இரண்டாவது, காப்பீட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மொத்தத் தொகை நிர்ணயம் செய்யப்பட்டிருக்கிறது. ‘பேக்கேஜ்’ என்று மருத்துவமனைகளில் சொல்வது அதைத்தான். படுக்கை, அறுவை, மருந்து, பரிசோதனை எல்லாம் அதற்குள் அடக்கம். “காப்பீட்டுல இவ்வளவுதான் தர்றாங்க, மேற்கொண்டு நாப்பதாயிரம் நீங்க போட்டுக்கணும்” என்று யாராவது சொன்னால் அது திட்ட விதிக்குப் புறம்பானது. எதற்காக அந்த நாற்பதாயிரம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். எழுதிக் கேட்டாலே பாதிக் கோரிக்கைகள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அதே கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் குறைதீர்க்கும் குழுவும் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மகனுக்கு ரசீது கேட்கிற தைரியம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அவனுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று பின்னால் வற்புறுத்தப்போகிறேன்.

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன்.

வருமானச் சான்றில் எழுதப்படும் பொய்

இந்தத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2009இல் 72,000 என்று கிழிக்கப்பட்ட கோடு இது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் கிடந்து, 2022 ஜனவரியில்தான் 1,20,000க்கு நகர்ந்தது. அதற்கிடையில் அரிசி விலை, பஸ் கட்டணம், கொத்தனார் கூலி எல்லாம் எத்தனை முறை ஏறின என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பைநல்லூரில் ஒருவர் கட்டட வேலைக்குப் போகிறார். நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதம் 20 நாள் வேலை கிடைக்கிறது. மாதம் 10,000. ஆண்டுக்கு 1,20,000. அவ்வளவுதான், கோட்டைத் தொட்டாயிற்று. அவர் மனைவி ஒரே ஒரு நாள் களை பறிக்கப் போனாலும் அந்தக் குடும்பம் சட்டப்படி ஏழைக் குடும்பம் இல்லை. மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் 1.37 கோடிக் குடும்பங்கள் எப்படி இந்தத் திட்டத்துக்குள் இருக்கின்றன? விடை எல்லோருக்கும் தெரியும். சான்றில் எழுதப்படும் தொகையும் வீட்டில் வரும் தொகையும் ஒன்றல்ல. எழுதிக் கொடுக்கிற அலுவலருக்கும் தெரியும், வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியும், அதை நிர்ணயம் செய்த அரசுக்கும் தெரியும். பல கிராம நிர்வாக அலுவலர்கள் மனிதாபிமானத்தோடுதான் அந்தத் தொகையை எழுதுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஏழையின் உயிர் ஓர் அலுவலரின் இரக்கத்தில் தொங்கக் கூடாது. இரக்கத்தை நம்பிய இடத்தில் தயவும் வரும், சிபாரிசும் வரும், சில இடங்களில் கையில் கொடுப்பதும் வரும். உண்மையான வருமானத்தைச் சொன்ன நேர்மையான கூலிக்காரர் வெளியே நிற்பார். சொல்லத் தெரிந்தவர் உள்ளே போவார்.

இதே தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய் வரை உள்ள பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. விண்ணப்பங்களை ரேஷன் கடைப் பகுதிகளிலேயே முகாம் போட்டு வாங்கியது. வருமானச் சான்று கொண்டு வா என்று கேட்கவில்லை. அப்படியானால் இரண்டு லட்சம் சம்பாதிக்கிற குடும்பத்தின் தலைவி மாதம் ஆயிரம் ரூபாய் பெறுவதற்குத் தகுதியானவர்; அவருக்கே இதயத்தில் அடைப்பு வந்தால் காப்பீட்டுக்குத் தகுதியில்லாதவர். ஒரே அரசு, ஒரே குடும்பம், இரண்டு கோடுகள். இதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

பக்கத்து மாநிலங்களைப் பார்த்தால் இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீயின் வருமான வரம்பு 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. குப்பம் நமக்கு எத்தனை தூரம்? கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் குப்பம். கர்நாடகத்தில் வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவரும் சேரலாம். அவருக்குப் பேக்கேஜ் தொகையில் 30 விழுக்காட்டை அரசு தருகிறது. பங்கு சிறியதுதான்; இருந்தாலும் ‘உனக்கு ஒன்றுமில்லை, போ’ என்று கதவு மூடப்படுவதில்லை. மத்திய அரசே 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயது கடந்தவர்களை வருமானம் பாராமல் சேர்த்தது.

வருமானக் கோடு இல்லாமல் நம்மால் நடத்த முடியாதா? நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம். 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஏழையா, பணக்காரரா, இந்த ஊரா, வேற்று மாநிலமா, அட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் போதும். ரேஷன் கடையும் அப்படித்தான். நாடு முழுவதும் ஏழைகளைப் பொறுக்கியெடுத்து அரிசி கொடுத்தபோது, அரிசி வேண்டும் என்று கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் கொடுத்த மாநிலம் இது. வசதியானவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். மருத்துவத்திலும் அதுவே நடக்கும். சொந்தமாகக் காப்பீடு வைத்திருக்கிறவர் தனி அறை தேடிப் போவார். அரசுப் பேக்கேஜில் பொது வார்டில் படுக்க வரமாட்டார்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் போட்ட ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளாமல் காப்பதற்கு ஆகிற தொகை இது. கோட்டை எடுத்துவிட்டால் மொத்தச் செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் வருமானச் சான்றுக்காக அலைகிற கூலி நாட்களையும், வட்டிக்கு வாங்கிய அட்வான்ஸையும், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளையையும் யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. அவையும் செலவுதான். அரசு கட்டாததை ஏழை கட்டுகிறார்.

அட்டைக்கு வெளியே இருப்பவை

காப்பீட்டு அட்டையைப் பெரிதாகப் பேசிப் பேசி, அதற்கு வெளியே அரசு தருவதை மறந்துவிடுகிறோம். கம்பைநல்லூர் பக்கத்தில் பாம்பு கடித்தால் முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. நெஞ்சு வலிக்கும் அதேதான். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நேராகச் சேலத்துக்குக் கார் பிடித்துப் போகிறவர்கள் அந்த மாத்திரைகளின் நேரத்தையும் இழக்கிறார்கள், பணத்தையும் இழக்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் இரண்டு பிரசவங்கள் வரை 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. 14,000 ரொக்கம், 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். கருவுற்ற 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் பெண் ஏழாம் மாதம்தான் ஊருக்கு வருகிறாள். முதல் தவணைக்கான காலம் அதற்குள் போய்விடுகிறது. இதைச் சொல்ல வேண்டிய இடம் மாமியார் வீடு.

ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சம்பளச் சீட்டை ஒருமுறை பாருங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும், நூறு ரூபாய்க்கு 75 காசு தொழிலாளியிடமிருந்து, மூன்றேகால் ரூபாய் முதலாளியிடமிருந்து. அந்தப் பிள்ளையைச் சார்ந்து வாழும் அப்பா, அம்மாவையும் அதில் சேர்க்கலாம். இ.எஸ்.ஐ.யில் வெளிநோயாளி சிகிச்சை, மாத்திரை எல்லாம் உண்டு. ஆனால் கம்பெனியில் சேரும்போது படிவத்தில் பெற்றோர் பெயரைக் கேட்டு எழுதுகிறவர்கள் குறைவு. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போனால் அந்தப் பிடித்தம் முறையாகக் கட்டப்படுகிறதா என்பதும் விசாரிக்க வேண்டியது. 2025 பிப்ரவரியில் கம்பைநல்லூரை ஒட்டிய கிராமத்தில் பட்டாசுக் கிடங்கு வெடித்து, அங்கே வேலைக்குப் போயிருந்த மூன்று பெண்கள் இறந்தார்கள். இப்படிப்பட்ட வேலைகளுக்குப் போகும் பெண்களுக்கு எந்தப் பாதுகாப்பு எழுத்தில் இருக்கிறது என்பதை விபத்துக்குப் பிறகுதான் எல்லோரும் தேடுகிறோம்.

வெளிமாநிலத்தில் பிழைக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆயுஷ்மான் பாரத்தில் வெளிமாநில மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம் என்று விளம்பரம் சொல்கிறது. அது மத்திய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்குத்தான். அந்தப் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. மாநில அரசு தன் செலவில் சேர்த்த குடும்பங்கள் அதில் வராது. இரண்டு வகைக் குடும்பத்தின் கையிலும் இருப்பது காப்பீட்டு அட்டைதான். பெங்களூரில் படுக்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. தருமபுரியிலிருந்து பெங்களூருக்குப் போகிற தொழிலாளர்களை மனதில் வைத்து இரு மாநில அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

மாத்திரைச் செலவுக்கு யார் காப்பீடு?

காப்பீடு படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். ஆனால் ஏழைக் குடும்பத்தை மாதா மாதம் அரித்துத் தின்பது சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, கண் மங்கல் போன்றவற்றுக்கான மாத்திரையும் பரிசோதனையும்தான். 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கறிக்கையின்படி, இந்தியாவின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்தது. முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் நூற்றில் நாற்பது ரூபாயை நோயாளியே தருகிற நாட்டில், ஐந்து லட்சம் காப்பீடு என்ற அறிவிப்பை மட்டும் வைத்து ஏழைகள் பாதுகாக்கப்பட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது.

தாய்லாந்து 2002இல் தன் நாட்டு மக்கள் எல்லோருக்கும் மருத்துவம் என்று அறிவித்தபோது, ஒரு முறை போனால் 30 பாத் கட்டணம் என்று வைத்தது. உள்ளூர் மருத்துவமனையில் காட்டும் காய்ச்சலும் அதில் அடக்கம், பெரிய அறுவையும் அடக்கம். வெளிநோயாளியைக் கணக்கில் சேர்த்ததுதான் அந்தத் திட்டத்தின் பலம்.

நம்மிடம் அதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாக வழங்குவது நாடு பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு. 2021 ஆகஸ்ட் 5இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். மகளிர் குழுவைச் சேர்ந்த பெண் ஒருவர் வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நிறைய ஏழைக் குடும்பங்களின் மாதச் செலவை மௌனமாகக் குறைத்திருக்கிற திட்டம் இது. ஐ.நா. அமைப்பின் விருதும் 2024இல் கிடைத்தது. இந்தப் பெண்ணுக்குச் சொற்ப ஊக்கத்தொகைதான் என்பது எனக்கு வருத்தம். ஊருக்குள் ஒவ்வொரு வீட்டு நோயும் தெரிந்த ஆள் இவரைப்போல வேறு யாரும் இல்லை.

சில நோய்களுக்கு அட்டையும் மாத்திரையும்கூட மருந்தில்லை. தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். காவியேறிய பற்களும் வளைந்த எலும்பும் இங்கே ஒரு தலைமுறையின் அடையாளம். எந்தக் காப்பீட்டுப் பேக்கேஜும் அதைத் தீர்த்திருக்காது. 2013இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் அதற்கான சிகிச்சை. அந்தக் குழாயில் தண்ணீர் தவறாமல் வருகிறதா, மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்புகிறார்களா என்று கவனிப்பதும் மருத்துவச் செலவைக் குறைக்கும் வேலைதான்.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில், கோட்டை எடுக்க வேண்டும். உடனே முடியாது என்றால் மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்த இரண்டரை லட்சத்தையாவது காப்பீட்டுக்கும் வைக்க வேண்டும். அந்தத் தொகை வாங்கும் பெண்ணின் குடும்பத்தை வேறு எந்தச் சான்றும் கேட்காமல் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். பெயரும் ஆதாரும் ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன.

அடுத்து, பதிவு ஊருக்கே வர வேண்டும். 2025இல் நடந்த ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்களில் காப்பீட்டுப் பதிவையும் சேர்த்தது நல்ல தொடக்கம். முகாம் ஒரு நாள் வந்து போகும். ரேஷன் கடை எப்போதும் இருக்கும். புதுக் கார்டு பிரிக்கும்போதே, பெயர் சேர்க்கும்போதே காப்பீட்டிலும் அந்த மாற்றம் தானாக ஏறிவிட வேண்டும். வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் பிரஷர் பார்க்கும் அதே கையோடு காப்பீட்டு எண்ணையும் சரிபார்த்துக் கொடுக்கலாம். அதற்கு அவருக்குக் கூடுதல் ஊதியம் கொடுங்கள்.

மூன்றாவது, நோயாளிக்காகப் பேசும் ஆள். மருத்துவமனைக்குள் இருக்கும் காப்பீட்டு அலுவலர் நோயாளியின் ஆள் என்று மக்கள் நம்புவதில்லை. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒருவர் வேண்டும். மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போதே எந்த மருத்துவமனை, எந்தப் பேக்கேஜ், என்ன காகிதம் என்று எழுதிக் கொடுத்து, அட்வான்ஸ் கேட்டால் அழைக்கத் தன் எண்ணையும் கொடுக்கும் ஒருவர். தொகுதிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரை வைத்துக்கொள்ள முடிகிற நமக்கு, சுகாதார நிலையத்துக்கு ஒரு வழிகாட்டியை வைத்துக்கொள்ள முடியாதா?

யுனைடெட் இந்தியா நிறுவனத்துடன் 2022 ஜனவரி 11இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் எழுதப்படும் நேரம் வருமானக் கோட்டை மாற்ற நல்ல வாய்ப்பு. தருமபுரி மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும் இந்தக் கோரிக்கையை இப்போதே எடுக்க வேண்டும். கிராம சபைகளில் தீர்மானம் போட்டு அனுப்பலாம். பேரூராட்சி மன்றத்திலும் போடலாம்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் வீட்டு ரேஷன் கார்டை எடுத்து, அப்பா அம்மா பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது என்று பாருங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அதைப் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். இல்லையென்றால், உடம்பு நன்றாக இருக்கும் இந்த நேரத்திலேயே போய்ப் பதிவு செய்யுங்கள். படிக்கத் தெரியாத ஒரு குடும்பத்தையும் கூடவே அழைத்துப் போங்கள்.